தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கேட்டவள்

உங்கள் சங்கத்தின் இந்த ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லி நீங்கள் இருவரும் என் வீடு தேடி வந்தபோது, காபி போட உள்ளே போனவள் கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். பால் பொங்கக் காத்திருந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டரைத் தேடி யாரும் சும்மா வருவதில்லை. வந்தால் சந்தா கேட்க வருவார்கள், இல்லாவிட்டால் யார் வீட்டுப் பெண்ணைப் பற்றியாவது விசாரிக்க வருவார்கள்.

வேலையையும் விடாமல், குடும்பத்தையும் விடாமல், கதையும் எப்படி எழுதினீர்கள் என்று கேட்டீர்கள். கேட்ட விதத்திலேயே நீங்களும் எழுதுகிறவர்கள் என்று தெரிந்துபோயிற்று. அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று சொன்னீர்கள். அதை நான் நம்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தெரியாத மாதிரி இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நேரத்தை எப்படிப் பங்கு போடுவது என்று நான் சொல்லுவேன் என எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நேரம் எப்படியாவது கிடைத்துவிடும். எழுதுகிறவர்கள் மேல் சுற்றியிருப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இருக்கிறதே, அதைச் சமாளிப்பதுதான் பாடு.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பிறந்த ஊர் புதுச்சத்திரம் பக்கம். வாக்கப்பட்டதும் வேலை பார்த்ததும் நாமக்கல்லுக்கு அந்தப் புறம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சின்ன ஊரில். தபால் ஆபீசுக்குப் பின்கட்டில் எக்ஸ்சேஞ்ச். யாருக்குப் பேச வேண்டுமானாலும் எங்களிடம் எண்ணைச் சொல்ல வேண்டும், நாங்கள்தான் ஒயரைச் சொருகி இணைத்துவிட வேண்டும். லாரி ஆபீஸ், கோழிப்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, டாக்டர், போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரில் போன் வைத்திருந்த இடங்கள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் பேசின. என் முகம் தெரியாதவர்களுக்குக்கூட என் குரல் தெரியும். "போன் அம்மிணி" என்பார்கள்.

உங்களுக்கு அந்த போர்டு தெரியாது, ஆகவே ஒன்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு சாவி உண்டு. அதை முன்னால் தள்ளினால் பேச்சு எங்கள் காதில் விழும். நடுவில் நிறுத்தினால் விழாது. வெளியூர் பேச்சு என்றால், அதாவது ட்ரங்க் கால் என்றால், இரண்டு பக்கமும் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் மறுபடி சாவியைத் தள்ளி, "டைம் ஆச்சுங்க, இன்னும் பேசறீங்களா?" என்று கேட்க வேண்டும். ஆக, விதிப்படி வேலை பார்க்கும் ஆபரேட்டருக்கு ஊரில் நடக்கும் ஒவ்வொரு ட்ரங்க் காலின் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் காதில் விழுந்தே தீரும். நடுவில் என்ன பேசினார்கள் என்பது மட்டும் தெரியாது.

என் கதைகள் எல்லாம் அந்த நடுவிலிருந்து வந்தவை. ஒருத்தர் "மாப்ள, வண்டி வந்திருச்சா?" என்று தொடங்குவார். முடியும்போது அழுதுகொண்டிருப்பார். வண்டி வந்ததற்கு ஒருத்தர் ஏன் அழ வேண்டும்? அடுத்த நாள் மத்தியானம் வரை அதே நினைப்பாக இருப்பேன். இது குற்றம் என்றால், காதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் நான் வேலை பார்த்திருக்க வேண்டும்.

மத்தியானம் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் என் நேரம். எங்களுக்கு ஸ்பிளிட் டூட்டி. காலையில் பாதி, சாயங்காலம் பாதி. நடுவில் வீட்டுக்கு வந்து, சமைத்து, பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன துணியை அலசி, மாமியாருக்குச் சோறு போட்டுவிட்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்து எழுதுவேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு லாரி ஆபீசில் கிளார்க். அங்கே அச்சுப் பிசகி வீணான பில் தாள்களை வாரத்துக்கு ஒரு கட்டு கொண்டுவந்து அரிசிப் பானை மேல் வைப்பார். எதற்கு என்று சொல்ல மாட்டார். நான் எழுதியதில் ஒரு வரி படித்ததும் கிடையாது. கதை படிக்கிற பொறுமை தனக்கு இல்லை என்பார். பேப்பரில் லாரி டயர் விளம்பரத்தை மட்டும் இரண்டு தடவை படிக்கிற மனிதர் அவர்.

முதல் சந்தேகம் மாமியாரிடமிருந்து வந்தது. மத்தியானத்தில் ஊர் உறங்கும்போது ஒரு மருமகள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினால், அது யாருக்கு எழுதும் கடிதம் என்றுதானே தோன்றும்? ஒரு நாள் நான் டூட்டிக்குப் போனதும் என் மகளைப் பிடித்து உட்கார வைத்து, எழுதியதைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கதையில் மருமகளுக்குச் சோறு போடாத ஒரு மாமியார் வருவாள்.

"இந்தக் கெழவி ஆருன்னு சொல்லு கண்ணு" என்றார்.

பதிலுக்கு யோசிக்க நேரம் இல்லை. "உங்க தங்கச்சிங்க, அத்தை" என்றேன்.

தூக்கி வைத்திருந்த முகம் இறங்கிற்று. பிறகு, "அவ இப்படித்தான். இன்னுங்கூட எழுதலாம்" என்றார். அதற்குப் பிறகு மத்தியானத்தில் நான் எழுத உட்கார்ந்தால் வாசல் கதவைச் சாத்திவைப்பார். யாராவது கேட்டால், மருமகள் எக்ஸ்சேஞ்ச் கணக்கு எழுதுகிறாள் என்று சொல்வாராம். வீட்டில் இருப்பவர்களின் சந்தேகத்தை எடுத்துவிட முயலாதீர்கள், அதை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். இது ஒன்றுதான் குடும்பத்தைப் பற்றி நான் நிச்சயமாகச் சொல்லக்கூடியது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

எழுதும்போது வேறு பெயர் வைத்துக்கொண்டேன். அது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பத்திரிகை ஆபீசிலிருந்து வரும் பிரதி தபால் ஆபீஸ் வழியாகத்தானே வர வேண்டும்? தபால்காரருக்குத் தெரிந்தால் டீக்கடைக்குத் தெரியும், டீக்கடைக்குத் தெரிந்தால் பஸ் கண்டக்டருக்குத் தெரியும். அதன் பிறகு எண் கேட்பவர்களின் பேச்சே மாறிப்போயிற்று. "அம்மிணி, இதக் கதையில போட்டுறாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நான் எப்போதும் நம்பியதில்லை.

இனி, எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கம் ஒரு பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாதபோது சாமியிடம் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தையை விட்டு அதில் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். சாமியே சொல்லிவிட்ட பிறகு யாரும் யார்மேலும் கோபித்துக்கொள்ள முடியாது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு சந்தேகம். பொட்டலத்தைக் கட்டுகிறது யார்?

ஒரு நாள் மாலை டூட்டியில், மோகனூர் பக்கம் ஒரு கிராமத்துக்கு ட்ரங்க் கால் கேட்டார்கள். கேட்டது என் வீட்டுக்காரர் வேலை பார்த்த லாரி ஆபீசின் முதலாளி. அந்தக் கிராமத்தில் அவருடைய அக்கா இருந்தார். பாவாத்தாள் என்று பெயர். புருஷனை இழந்தவர், கொஞ்சம் நிலம், ஒரு மகன். போன் இருந்தது பக்கத்து ரைஸ் மில்லில். அவரைக் கூட்டி வந்து பேச வைக்க வேண்டும். வந்தார். குரல் கேட்கிறதா என்று பார்க்கச் சாவியைத் தள்ளினேன். முதலாளி, "அக்கா, பூக் கேட்டாச்சு" என்றார். சாவியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மூன்று நிமிடம் ஆனதும் மறுபடி தள்ளினேன். அக்கா சொல்லிக்கொண்டிருந்தார், "சாமியே வேண்டாங்கறப்ப நாம என்ன பண்ண முடியும் சாமி."

அவ்வளவுதான் என் காதில் விழுந்தது. அக்கா மகனுக்குத் தம்பி மகள் முறைப்பெண் என்பது நம் பக்கம் யாருக்கும் தெரிந்த விஷயம். லாரி ஆபீஸ் பெருத்துவிட்டது, அக்காவின் நிலம் அப்படியே இருக்கிறது, பெரிய இடத்திலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். இரண்டு மாதம் அந்த இரண்டு வாக்கியமும் என்னைச் சுற்றிவந்தன. பிறகு ஒரு கதை எழுதினேன். லாரியை வெல்ல மண்டி ஆக்கினேன், அக்காவைத் தங்கை ஆக்கினேன், மோகனூர்க் காவிரியை எடுத்துவிட்டு ஒரு வறண்ட ஊரை வைத்தேன். கதையில் பெண்ணின் அப்பன் பொட்டலத்தைத் தானே கட்டுகிறான். இரண்டிலும் சிவப்புப் பூவை வைத்துக் கட்டுகிறான்.

கதை வந்த வாரம் எனக்கு ஒரு பாராட்டும் வரவில்லை. அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எப்போதும் "அம்மிணி கத வந்திருக்குதாமா" என்று கேட்கும் டாக்டர் வீட்டம்மாகூட எண்ணை மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் எங்கள் சூப்பர்வைசர் அம்மா என்னைக் கூப்பிட்டார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், ஹெட்செட் மாட்டி மாட்டி ஒரு காது மந்தமாகிப்போனவர், எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. சேலம் மேலாபீசுக்குப் புகார் போயிருக்கிறது என்றார். ஆபரேட்டர் ஒட்டுக் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறார், குடும்ப மானம் போய்விட்டது, வேலையை விட்டு நீக்க வேண்டும். கொடுத்தவர் லாரி ஆபீஸ் முதலாளி.

ரகசியத்தைக் காப்பாற்றுவேன் என்று சத்தியம் செய்துதான் அந்த வேலைக்குச் சேர்வோம். ஒட்டுக் கேட்டது உறுதியானால் எச்சரிக்கை, சம்பள வெட்டு என்றெல்லாம் கிடையாது, நேராக வீட்டுக்குத்தான். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். வீட்டுக்காரருக்குச் சம்பளம் கொடுப்பவரே புகார்க்காரர்.

"நான் கேக்கலீங்கம்மா" என்று தொடங்கினேன்.

"கேட்டியா இல்லையான்னு என்கிட்ட சொல்லாத" என்றார் சூப்பர்வைசர். "சொன்னா அதையும் நான் எழுதித் தரணும். விசாரணை வரைக்கும் வாயத் தொறக்காம இரு."

அவர் என்னைக் காப்பாற்றச் சொல்கிறாரா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாரா என்று அன்று முழுக்க யோசித்தேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆபத்து நேரத்தில் மேலதிகாரி இரண்டையும் சேர்த்துச் செய்தால் அதுவே பெரிது, அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுக்காரர் அன்று வழக்கம்போல வந்தார், கை கால் கழுவினார், சாப்பிட்டார். முதலாளி அவரை என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. "நாளைக்கி லீவு கீவு போட்டுறாத. எப்பயும் போலப் போ" என்று மட்டும் சொன்னார். இந்த மனிதர் என்னை முழுக்க நம்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே பிடிமானம் அதுதான்.

இரண்டு நாள் கழித்து எக்ஸ்சேஞ்ச் வாசலில் ஓர் அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார். பார்த்ததில்லை, ஆனால் வாயைத் திறந்ததும் குரல் தெரிந்துவிட்டது. பாவாத்தாள். ரைஸ் மில்காரர் வீட்டில் கதையைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பஸ் ஏறிவந்து தம்பியோடு சண்டை போட்டிருக்கிறார். தம்பி, அந்த போன்காரி ஒட்டுக் கேட்டுப் பொய்யும் புளுகுமாக எழுதிவிட்டாள் என்று சத்தியம் செய்திருக்கிறார்.

"நெசமா அம்மிணி? ரெண்டுலயும் செவப்புத்தானா?"

"எனக்குத் தெரியாதுங்க. அது கதைங்க. நானாக் கட்டுனதுங்க."

"கதைன்னா பொய்யின்னு அர்த்தமா?"

எழுதுகிறவர்களிடம் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்பதில்லை.

"என்ற தம்பி அப்படியெல்லாம் பண்ணமாட்டானுங்க அம்மிணி. நாந்தான் எடுத்து வளத்துனேன். எவளோ எழுதுனதப் போயி நம்பி அவன ஏசிப்புட்டேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழச்சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் என்னிடம் உண்மையைக் கேட்க வரவில்லை. பொய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போக வந்திருந்தார்.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் எழுத ஓடவில்லை. மாவாட்ட உட்கார்ந்தேன். குழவியைச் சுற்றிக்கொண்டே அந்தப் புகாரைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். நான் ஒட்டுக் கேட்டேன் என்கிறார். சரி, எதை? அக்காவோடு பேசிய பேச்சையா? இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு வைத்தேன் என்று அக்காவிடமே சொல்லியிருப்பாரா? சொல்லியிருக்க மாட்டார். அப்படியானால் நான் கேட்டேன் என்று அவர் பயப்படுவது வேறொரு பேச்சை. வேறு யாரிடமோ, பெண்ணைக் கேட்டுவந்த பெரிய இடத்தில் யாரிடமோ, இதை அவர் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

குழவி நின்றுபோயிற்று. நான் கட்டிய கதை அப்படியே நடந்திருக்கிறது. அது எனக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது, அதுவும் அவர் கொடுத்த புகாரிலிருந்து. வெளியே வழிந்த மாவைக் கையால் வழித்துப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்த ட்ரங்க் கால் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆள் மாட்டிக்கொள்வார். அதை அக்காவின் முன்னால் கேட்டால் இன்னும் நன்றாக மாட்டிக்கொள்வார். பிறகு அந்த வாழைப்பழச் சீப்பு ஞாபகம் வந்தது. பிள்ளைகள் அன்றுதான் கடைசிப் பழத்தைத் தின்று தோலை மாட்டுக்குப் போட்டிருந்தார்கள்.

விசாரணைக்குச் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தபால் ஆபீஸ் பின்னறையில் மேஜை போட்டிருந்தார்கள். அதிகாரி, சூப்பர்வைசர், முதலாளி, நான். முதலாளி தன் அக்காவையும் கூட்டிவந்திருந்தார். நான் புளுகி என்று அக்கா கண் முன்னால் நிரூபிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதிகாரி கதையை அங்கேயே வைத்து நிதானமாகப் படித்தார். படித்து முடித்து, "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆகுது?" என்றார். தெரியாது, கதை அங்கேயே முடிகிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

முதலாளி சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னார். என் முறை வந்தது.

"ஐயா, நான் இவங்களை ஒரு கேள்வி கேக்கணும்" என்றேன். "அதுக்கு முன்னால இந்த அம்மா சித்த வெளிய இருந்தா நல்லதுங்க."

அதிகாரி தலையாட்டினார். ஆனால் முதலாளி விடவில்லை. நான் ஏதோ சூழ்ச்சி செய்கிறேன் என்று தோன்றிவிட்டது அவருக்கு. "என்ற அக்கா எங்கயும் போவேண்டாம். என்ன கேக்கறதா இருந்தாலும் அவ முன்னாலயே கேளு" என்றார்.

நான் சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் கிராம்பை மென்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தார். இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். "வேண்டாமுங்க. தனியாக் கேக்கறேனுங்க." முதலாளி சத்தம் போட்டார். அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, கேட்பதானால் கேள், இல்லாவிட்டால் முடிக்கிறேன் என்றார். என் வேலை அந்தப் பேனாவின் நுனியில் இருந்தது.

"எந்த ட்ரங்க் காலுங்க?" என்று கேட்டேன். "எந்த ஊருக்குப் பேசுனப்ப நான் ஒட்டுக் கேட்டேனுங்க?"

அதிகாரி நிமிர்ந்து, "அதைத்தான் நானும் எழுதிக்கணும்" என்றார்.

முதலாளியின் முகம் மாறியதை நான் மட்டும் பார்க்கவில்லை. அக்கா பக்கம் ஒரு பார்வை, அதிகாரி பக்கம் ஒரு பார்வை. அக்காவின் ஊர், பெண் கேட்டவர்களின் ஊர், இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "அக்காகூடப் பேசுனதுதான்" என்றார்.

அதிகாரி எழுதத் தொடங்கினார். பாவாத்தாள் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கூடப் பேசறப்ப நீ இதச் சொல்லவேயில்லயே சாமி" என்றார்.

கோபமே இல்லை அந்தக் குரலில். தம்பி ஏதோ மறந்துவிட்டான், ஞாபகப்படுத்துவோம் என்பதுபோலத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னதன் பொருள் அவருக்கே விளங்கிற்று. முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். முதலாளி புகாரை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி எனக்குச் சாதகமாகத்தான் எழுதினார், ஆனால் போகும்போது, "இருந்தாலும் எப்படிம்மா அவ்வளவு சரியா எழுதினீங்க?" என்று கேட்டார். அவரும் நம்பவில்லை.

அந்தப் பெண்ணைத் திருச்செங்கோட்டில் பெரிய இடத்தில் கொடுத்தார்கள். அத்தைக்காரி கல்யாணத்துக்கு வந்து, செய்ய வேண்டிய சீரையெல்லாம் குறையில்லாமல் செய்துவிட்டு, கை நனைக்காமல் பஸ் ஏறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். வேலை தப்பித்தது என்று நான் அன்று சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். ஆனால் வாழைப்பழச் சீப்பு வாங்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்த அம்மா ஞாபகம் வருகிறார். இன்னும் ஒரு முறை மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். வேலை போயிருக்கும். அவ்வளவுதான் என்று இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சொல்வது சுலபம்.

வீட்டுக்காரர் லாரி ஆபீசை விட்டுவிட்டார் என்பது அந்த வாரக் கடைசியில்தான் எனக்குத் தெரிந்தது. விசாரணைக்கு முன்பே விட்டிருக்கிறார். அங்கே கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் நடந்தது விளங்கிற்று. உன் பொண்டாட்டி இனி எழுதமாட்டாள் என்று எழுதிக் கொடு, புகாரை விட்டுவிடுகிறேன் என்றாராம் முதலாளி. அதற்கு இவர், "ஊட்டு வேலயும் பாக்கறா, ஆபீசு வேலயும் பாக்கறா. மிச்சமிருக்கறது அவளோட நேரமுங்க, அதுல நான் எப்படிங்க கையெழுத்துப் போட முடியும்?" என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பிறகு ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அங்கிருந்து ஒரு கட்டு வீண் தாள் அரிசிப் பானைமேல் வந்து உட்கார்ந்தது. மெல்லிசான தாள், மை பின்னால் ஊறும். ஒரு பக்கம்தான் எழுத முடியும். அதில்தான் அடுத்த பல வருடங்கள் எழுதினேன்.

என்னை அப்படி நம்பிய மனிதர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த மேடையில் பேசினாலும் அதைச் சொல்லாமல் இறங்கியதில்லை.

நீங்கள் வந்து போன அன்று சாயங்காலம், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து நார் எடுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "இப்பத்தான் ரெண்டு பேருமே ரிட்டயர்டு ஆயாச்சே. இனி ஒருத்தனும் வேலைய விட்டுத் தூக்க முடியாது. நெசத்தச் சொல்லு. அந்தப் பேச்ச நீ கேட்டீல்ல?" என்றார்.

எனக்குக் கத்தி நழுவிற்று. "ஏனுங்க, நான் கேக்கலீங்க. அத்தனையும் நானாக் கட்டுனதுங்க" என்றேன்.

"செரி செரி" என்றார். நம்பாதவர் சொல்லும் சரி அது. எத்தனை ஆயிரம் குரல்களைக் கேட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

"அப்ப நான் கேட்டேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் அந்த வேலைய உட்டீங்களா?"

"ஆமா. பொறவென்ன?" என்று அடுத்த காயை எடுத்தார்.

எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டேன். நீங்கள் வந்தபோது நின்ற அதே இடத்தில்தான் நின்றேன். அழுதேன். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. நான் குற்றம் செய்தவள் என்றே நினைத்துக்கொண்டு அந்த மனிதர் வேலையை விட்டிருக்கிறார், வருடக்கணக்கில் இரண்டு பஸ் மாறியிருக்கிறார், வாரம் தவறாமல் தாள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது. "அவரைக்கா முடிஞ்சிருச்சு. இன்னுங் கொண்டா."